ரப்பர் கொட்டைச் சூடு: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

ஜார்ஜ்டவுனில் பிறந்து, பள்ளி விடுமுறைக்குக் கெடா பக்கத்துத் தோட்டங்களில் இருந்த பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளின் முன்னங்கை பற்றி முறையான ஆய்வு எதுவும் இதுவரை கண்ணில் படவில்லை. அசாம் லக்சாவை ஆளாளுக்கு ஆராய்கிற ஊரில் இது பெருங்குறை.

முதலில் களத்துக்குச் செல்லும் வழி. 1985இல் திறந்த பினாங்குப் பாலத்தில் டோல், தீவுக்கு வரும் பக்கம் மட்டுமே. ஃபெரியிலும் அந்நாளில் அதே வழக்கம்: பட்டர்வொர்த்தில்தான் காசு வாங்கினார்கள். பொறியாளர்கள் இதற்கு வேறு காரணம் சொல்லலாம். பாட்டி வீட்டுக்குப் போகிறவனிடம் காசு கேட்பது பாவம் என்றும், பள்ளி திறக்கிற வாரத்தில் திரும்புகிறவனுக்கு இருக்கிற துக்கத்தோடு இதுவும் சேர்ந்துவிட்டுப் போகட்டும் என்றும் விவரம் தெரிந்த யாரோ முடிவு செய்திருக்கிறார் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இனி, கருவி. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். நூற்றுக்கு நாலுதான் முளைத்தன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. கெடாவில் ஒரு சிறுவன் கையில் சூடு வாங்குவதற்காகத்தான் இவ்வளவும் என்பதை விக்காம் அறிந்திருக்க நியாயமில்லை. ஒரு காயில் மூன்று கொட்டை. ஆகஸ்டு வெயிலில் காய் வெடித்தால் தகரக் கூரையில் 'டங்'கென்று கேட்கும். கொட்டை ஓட்டின் புள்ளிக்கோலம் தாய்மரத்தைப் பொறுத்தது, மகரந்தம் தந்த மரத்துக்கு அதில் பங்கில்லை என்கிறது தாவரவியல். நாங்கள் ஏன் எப்போதும் அம்மாவின் ஊருக்கே போனோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? (அப்பா இந்தப் பகுதியை ஏற்கவில்லை.)

செய்முறை எளிது. கொட்டையை விரலிடுக்கில் பிடித்து, லயத்து வாசலின் சொரசொரப்பான சிமெண்டில் பத்துப் பதினைந்து தடவை அழுத்தித் தேய்த்து, சூடு ஏறியதும் முன்னங்கையில் வைக்க வேண்டும். தேய்ப்பவர் பெரியம்மா மகன், கை நம்முடையது. "கண்ண மூடு, ஒன்னு காட்றேன்" என்பதே ஆய்வுக்கு உட்படுபவரின் சம்மதம் பெறும் முறை. விளைவு, அலறல். பால்மரக் காட்டிலிருந்து அப்போதுதான் திரும்பிய அம்மாச்சி, ஒட்டுப்பால் வாடை போகாத கையால் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, "டவுன் புள்ளடா, தோலு மெலிசு" என்று தீர்ப்புச் சொல்லும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தோல் தடிமன் என்னும் இக்கருதுகோள் ஏற்கத்தக்கதன்று. அவர்கள் கண்ணை மூடுவதில்லை, அவ்வளவுதான்.

திரும்புகையில் அரைக்கால் சட்டைப் பை நிறையக் கொட்டைகளோடு ஃபெரி ஏறினோம். கடத்தலில் விக்காமுக்குச் சளைத்தவர்கள் அல்லோம். ஆனால் ஜார்ஜ்டவுன் கடைவீட்டு அஞ்சடியின் வழுவழு ஓட்டில் எவ்வளவு தேய்த்தும் சூடு ஏறவில்லை. சமையற்கட்டுச் சிமெண்டு தோதாகத்தான் இருந்தது. அங்கே அம்மா அகப்பையோடு நின்றதால் அத்துறையில் ஆய்வு தொடரவில்லை.

பல தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனைப் பழத்தைச் சிமெண்டில் தேய்த்தால் கையெல்லாம் எண்ணெய்தான். ஆகவே மிஞ்சியிருக்கும் ரப்பர் மரங்களின் அடியில் அடுத்த கட்ட ஆய்வை விரைந்து தொடங்க வேண்டியுள்ளது. முன்னங்கை நீட்ட விருப்பமுள்ளோர் விண்ணப்பிக்கலாம். பெரியம்மா மகன்கள் தயவுசெய்து விண்ணப்பிக்க வேண்டாம்.