ஒத்தை விசில்

பொங்கல் கழிந்த ராத்திரிகளில் வேடசந்தூர்ப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும், மின்னொளி வாலிபால் போட்டியில் கவிழ்த்துப் போட்ட தண்ணீர் டிரம்மின் மேல் ஒருவர் நின்றுகொண்டிருப்பாரே, அவரேதான். வெள்ளை பேண்ட், ஷூ லேஸில் கோத்த விசில், ரிட்டையர் ஆன பி.டி. வாத்தியாருக்கே உரிய தொண்டை. "இன்னொரு அம்பயர் வந்துகிட்டே இருக்கார் சார்" என்று சொல்லித்தான் கமிட்டிக்காரர்கள் அவரை மேலே ஏற்றிவிடுவார்கள். அந்த இன்னொருவர் பல வருஷமாக வந்துகொண்டே இருக்கிறார்.

விதிப்புத்தகப்படி பார்த்தால் இந்த வேலைக்கு ஒரு கூட்டமே வேண்டும். மேடை மேல் முதல் நடுவர், எதிர்ப்பக்கம் தரையில் இரண்டாம் நடுவர், ஸ்கோர் எழுத ஒருவர், அவருக்கு உதவிக்கு ஒருவர், கோடு பார்க்கக் கொடியோடு நான்கு பேர், இல்லாவிட்டால் இரண்டு பேராவது. முதல் நடுவரின் கண் வலைக்கு மேலே சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஆண்களுக்கான வலை 2.43 மீட்டர். நம்மவர் உயரத்தையும் டிரம்மின் உயரத்தையும் கூட்டினால் கண் சரியாக வலையின் மேல்பட்டைக்கு நேரே வந்து நிற்கும். பிளாக் போடுகிறவன் விரலில் பந்து உரசியதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில் அவருக்குத் தெரிவது ஒரு வெள்ளைப் பட்டை.

தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடலாமே? சொல்ல மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. 'என்னால் பார்க்க முடியவில்லை' என்பதற்கு வாலிபாலில் தனிச் சைகையே உண்டு. இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்காக வைத்துக் காட்ட வேண்டும். ஆனால் அது கோட்டு நடுவருக்கு உரிய சைகை. கோட்டு நடுவரே இல்லாத ஊரில் அந்தக் கையை யார் குறுக்கே வைப்பது? ஆகவே நம்மவர் விசாரணையில் இறங்கிவிடுவார்.

23-க்கு 23. ஓர் அடி. பந்து பிளாக்கைத் தாண்டிப் பின்கோட்டுக்கு அப்பால் சோளத்தட்டைப் போரில் போய் விழும். விசில் கேட்கும். கை எந்தப் பக்கமும் நீளாது.

"டேய், பிளாக் போட்டவன் இங்க வா. பந்து கையில பட்டுச்சா?"

"படல சார்."

"விரல்ல?"

"படல சார்."

"நகத்துல?"

"நகத்துல பட்டா பட்ட கணக்கா சார்?"

"அப்ப பட்டுச்சு!"

"இல்ல சார், சும்மா தெரிஞ்சுக்கக் கேட்டேன்."

அடுத்து வம்சாவளி. "நீ யாரு மகன்?" பையன் சொன்னதும், "உங்கப்பன் எங்கிட்டப் படிக்கிறப்பவே சர்வீஸ் போடயில கோட்ட மிதிச்சிட்டு, மிதிக்கலைம்பான்" என்று பழைய வழக்கு ஒன்று தூசி தட்டப்படும். அப்பன் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார். எழுந்து நின்று, "சார், நான் அன்னைக்கும் மிதிக்கல" என்பார். அவருக்குப் பதில் சொல்லி உட்கார வைப்பதற்குள் இரண்டு டீமும் போர்த்திக்கொண்டு நிற்கும்.

கடைசியில் சத்தியம். "கோட்டை மாரியம்மன் இருக்கிற திசையப் பாத்துச் சொல்லு!" ஆட்டம் முழுசாக நின்றுபோவது இங்கேதான். அம்மன் இருப்பது திண்டுக்கல்லில். வேடசந்தூர்ப் பக்கம் நின்றால் திண்டுக்கல் தெற்கே. சரி, கண்ணைக் கூசவைக்கும் எல்இடி விளக்குகளுக்கு நடுவே தெற்கு எது? ஒருவன் டிரான்ஸ்பார்மரைக் காட்டுவான், இன்னொருவன் டீக்கடையைக் காட்டுவான். ஒரு மாப்பிள்ளை செல்போனில் திசை பார்க்கிறேன் என்று கிளம்புவான், அது அவனையே சுற்றவிடும். பையன் எதற்கு வம்பென்று நாலு திசையும் கும்பிட்டுவிட்டு "படல" என்பான். அடித்தவனும் வந்து அதே அம்மன் மேல் சத்தியம் அடித்து "பட்டுச்சு" என்பான். அம்மனே இரண்டு பக்கமும் சாட்சி சொன்ன பிறகு மனுசன் என்ன செய்வார்?

"ரீ! மறுபடி சர்வீஸ் போடு!"

விசில் ஊதி எட்டு நொடிக்குள் சர்வீஸ் போட்டாக வேண்டும் என்று விதி இருக்கிறது. விசாரணையை இத்தனை நொடிக்குள் முடிக்க வேண்டும் என்று எழுத அதை வகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது.

பையன்கள் லேசுப்பட்டவர்களா? சாரின் சத்தியத்துக்கென்றே தயாராகி வருகிறார்கள். சொந்தக் குலசாமியை வம்புக்கு இழுக்காமல், மாமனார் வீட்டுக் குலசாமி மேல் சத்தியம் செய்தவனை நானே பார்த்திருக்கிறேன். சார் அதையும் ஏற்றுக்கொண்டு பாயிண்ட் கொடுத்தார்.

மற்ற பழக்கங்களைச் சொல்லப் புகுந்தால் விடிந்துவிடும். சர்வீஸ் நெட்டில் உரசி அந்தப் பக்கம் விழுந்தால் அது செல்லும் என்று விதி மாறி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இன்னமும் விசிலை வாய்க்குக் கொண்டுபோய், ஞாபகம் வந்து, இருமிச் சமாளிப்பார். ஸ்கோரை அவர் சொல்வதற்கு முன் மைக்கில் இருப்பவர் சொல்லிவிடுவார், அதுவே தீர்ப்பாகவும் ஆகிவிடும்.

ஆனால் ஒன்று. சாயங்காலம் நான்கு மணிக்கே வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, டேப் பிடித்துப் பதினெட்டுக்கு ஒன்பது மீட்டர் அளந்து, கோலமாவால் கோடு போடுகிறவரும் அவர்தான். வலையின் நடுவில் தொய்வு இருக்கிறதா என்று ஆணி அடித்த மூங்கில் கழியை வைத்துப் பார்த்துப் பார்த்து இழுத்துக் கட்டுவார். கமிட்டிப் பையன்கள் அந்த நேரத்தில் பிளக்ஸில் தங்கள் முகம் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எப்போதோ ஒரு பையன், தன் டீம் தோற்கும் நிலையில், கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கி "பட்டுச்சு சார்" என்றானாம். அவன் பெயரையும் அப்பன் பெயரையும் சொல்லாமல் எந்தப் பரிசளிப்பு விழாவிலும் சார் மைக்கை விட்டு இறங்கியதில்லை. தன் சொந்த மகன் பெயரை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இதெல்லாம் சிரிக்கிறவரைக்கும் சரி. இறுதி ஆட்டம் முடிந்தால் தோற்ற ஊர் முழுக்க டிரம்மைச் சுற்றி நிற்கும். விளக்குக்குப் பணம் இருக்கிறது, ஜெனரேட்டருக்கு இருக்கிறது, ஆள் உயரக் கேடயத்துக்கு இருக்கிறது, சிறப்பு விருந்தினர் காரில் வந்து இறங்கியதும் போட வெடி இருக்கிறது. பன்னிரண்டு பேர் கால், இருபத்துநான்கு கை, நான்கு பக்கக் கோடு, ஒரு வலை, எல்லாவற்றையும் பார்க்க மட்டும் அறுபது வயது தாண்டிய ஒரு ஜோடிக் கண். கெட்ட வார்த்தை அத்தனையும் அவருக்கு. பொன்னாடையும் அவருக்குத்தான், அது அநேகமாகப் போன வருஷம் யாரோ போட்டது. யாராவது பெரியவர் வந்து கூட்டத்தை விலக்கி அவரை பைக்கில் ஏற்றிவிட வேண்டியிருக்கிறது.

இதில் கமிட்டியை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. "இன்னொரு ஆள் வரலையே சார்" என்று அவர்கள் தலையைச் சொறியும்போது, "விடுப்பா, ஒத்தையாவே சமாளிச்சிருவேன்" என்று சொல்கிறாரே, அந்த ஒரு வார்த்தைதான் கமிட்டிக்கு வருஷா வருஷம் செலவை மிச்சம் பண்ணிக் கொடுக்கிறது. சமாளித்ததாக அவர் நினைக்கிறார். அநியாயமாகத் தோற்ற பையன்களைக் கேட்டுப் பாருங்கள்.

கோட்டு நடுவரின் கொடி நாற்பது சென்டிமீட்டர் சதுரத் துணி. பக்கத்தில் நெசவுக்காரர்களின் சின்னாளபட்டி இருக்கையில் துண்டுத் துணிக்கா பஞ்சம்? அதைப் பிடிக்க, ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வாலிபால் ஆடுகிற பிள்ளைகள் இரண்டு பேர் போதும். ராத்திரி சாப்பாடு போட்டால் வந்துவிடுவார்கள். கமிட்டிக்காரர்களே, அடுத்த பொங்கலுக்கு நோட்டீஸ் அடிக்கும் முன் அந்த இரண்டு பேரைப் பிடியுங்கள். சார், நீங்களும் தயவுசெய்து, அவர்கள் வந்து நிற்கிறவரைக்கும் டிரம் மேல் ஏறாதீர்கள்.