உறைதீனி கழுவல் இயல்: மரக்காணத்திலிருந்து ஒரு முன்னுரை

பவளத்தொட்டி மீன்களுக்கு உறைதீனி தயாரிப்பது பற்றித் தமிழில் முறையான ஆய்வு இல்லாத குறையை நீக்க இக்கட்டுரை முற்படுகிறது. ஆய்வுக்களம் விழுப்புரம் மாவட்டத்து உப்பள ஊரான மரக்காணம். காரணம் உண்டு. உறைதீனிக் கட்டிகளில் பேர்பெற்ற ஆர்டீமியா என்னும் உப்பிறால், மீன் பிழைக்க முடியாத உப்பளத்து உவர்நீரில் வாழும் உயிர். தூத்துக்குடி உப்பளங்களில் ஆண் துணையே இல்லாமல் இனம் பெருக்கும் வகை பதிவாகியிருக்கிறது. லின்னேயஸ் 1758-இல் உப்பிறாலுக்குப் பெயரிட்டதும் இங்கிலாந்தின் லிமிங்டன் உப்பளத்து இனத்தை வைத்துத்தான்.

தீனி மூவகை: ஆர்டீமியா, மைசிஸ், ரத்தப்புழு. ரத்தப்புழு நன்னீர்ப் பிறவி. நம் ஆய்வுக்குப் புறம்பு.

இளக்கல்: டம்ளரில் தொட்டி நீர், அதில் ஒரு கட்டி, பத்து நிமிடம். விளிம்பு முதலில் நெகிழும். பிறகு வெளிர் ஆரஞ்சு உடல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து அடியில் படியும். மிளகுப்பொடி தூவியதுபோல் கண்கள் தெரியும் (காண்க: டம்ளர்).

இனிக் கழுவல். இங்கேதான் அறிஞர்கள் மோதுகிறார்கள். உறையும்போது பனிப்படிகம் செல்களைக் கிழிக்கிறது. இளகும்போது சாறு கசிகிறது. சாற்றில் பாஸ்பேட் இருக்கிறது. பாஸ்பேட் பாசியை வளர்க்கிறது. ஆகவே டீ வடிகட்டியில் இட்டு, ஆர்.ஓ. நீரில் அலச வேண்டும் என்பது கழுவுநர் மரபு (காண்க: ஐஸ்பெட்டி, மேல்தட்டு). கழுவாதார் மரபோ, சாற்றோடு சத்தும் போகிறதே என்கிறது (காண்க: அதே ஐஸ்பெட்டி, அதே தட்டு, ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பின்புறம், வீட்டம்மா கண்ணில் படாத மூலை). அலசிய நீரை முருங்கைக்கு ஊற்றுவோரும் உண்டு. இவர்களைத் தம்மவர் என்று இரு மரபும் உரிமை கொண்டாடுவதால், தனி மரபாக ஏற்பதா என்பதில் முடிவு எட்டவில்லை (காண்க: வடிகட்டியின் கைப்பிடி, அதன்மேல் காய்ந்த டீக்கறை, கறைக்குக் கீழுள்ள கறை, அடிக்கறை பிற்சேர்க்கை என்பாரும் உளர்).

வேதியியல் இந்தச் சண்டையைக் கெடுக்கப் பார்க்கிறது. பாஸ்பரஸின் பெரும்பகுதி சாற்றில் இல்லை, சதையில் இருக்கிறது. மீன் தின்று, அதே தொட்டியில்தான் கழிக்கிறது. இவ்வளவு எளிய விடையை எந்த ஆய்வேடும் தாங்காது என்பதால் இலக்கியச் சான்றுக்குப் போவோம்.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று பலர் கொள்கிறார்கள். அங்கே பாணருக்குத் தேறலும், சுட்ட உலர்ந்த குழல்மீனும் கிடைக்கும். மீனைக் கழுவியதாக ஒரு சொல்கூட இல்லை! கழுவாதார் துள்ளுகிறார்கள். கழுவுநரோ, சொல்லாமலே பெறப்படும் என்கிறார்கள். ஒரு சொல் இல்லாத இடத்தில் மூன்று நூற்றாண்டுப் பண்பாட்டை நிறுவிக் காட்டும் திறமை நம் பேராசிரியர்களுக்குப் புதிதா என்ன? வாய்மொழித் தேர்வுக்குப் பின் வரும் சாப்பாட்டு இலையில் அவர்களும் மீனைக் கழுவினீர்களா என்று கேட்பதில்லை.

1972-இல் அப்பல்லோ 16 கலத்தில் ஆர்டீமியா முட்டைகள் நிலவுவரை போய்வந்தன. கழுவி அனுப்பினார்களா என்பது மேலாய்வுக்குரியது.

அதைவிட மேலாய்வுக்குரியது ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. மரக்காணம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் இருக்கின்றன. இந்தியப் பொரிப்பகங்கள் குஞ்சுக்குத் தீனியாக ஆர்டீமியா முட்டையை டப்பா டப்பாவாக வெளிநாட்டிலிருந்து வாங்குகின்றன; அமெரிக்காவின் உட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரி அதற்குப் பேர்போன ஊற்று. சாலையின் மறுபக்கம் உப்பளம் வெயிலில் காய்கிறது. இதைப் பற்றிக் கருத்தரங்கு கூட்ட யாருக்கும் தோன்றவில்லை. வடிகட்டிக்கே நேரம் போதவில்லை.

வாசகருக்கு: கழுவுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். மீன்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். இளகிய மிச்சத்தை மறுபடி உறைய வைக்காதீர்கள்.