எர்த் கோளாறு

எம்பிலிப்பிட்டியவில் உயர்ரக ஹெட்போன் வாங்கப் போகிற கனவான், எந்தெந்தச் சத்தம் தன் காதில் விழக் கூடாது என்று முதலில் ஒரு பட்டியல் போட வேண்டும். விடியற்காலைப் பிரித் ஒலிபெருக்கி. ஆடி மாதக் கோயில் குழாய். இன்றைக்கே அதிர்ஷ்டம் என்று பதிவு செய்த குரலில் நாள் முழுக்கக் கத்தும் லொத்தர்ச் சீட்டுக்காரர். எல்லாவற்றுக்கும் மேலாக, சூன் பாண். பாண் விற்கும் ஓட்டோக்கள் பீத்தோவனின் 'ஃபர் எலிஸ்' மெட்டைக் கீச்சிட்டுக்கொண்டு இந்த நாட்டின் சந்து பொந்தெல்லாம் போகின்றன. கனவான் இலட்சக்கணக்கில் கொட்டி உள்ளே உட்கார்ந்து பீத்தோவனைத் தேடுகிறார். வாசலில் பீத்தோவன் இலவசமாக வந்து நிற்கிறார், சூடான மாலு பாணோடு.

இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே வசிப்பவருக்குக் கொழும்புக் கடைக்காரர் எடுத்து நீட்டுவது பின்பக்கம் திறந்த ஹெட்போன். "மேடை அப்படியே கண்முன்னால் விரியும் சேர்" என்பார். விரியும், பொய்யில்லை. காதை அடைக்காததால் பாட்டு தலைக்கு வெளியே நடப்பது போலத் தோன்றும். அதே வலை வழியாகப் பாண் ஓட்டோவும் மேடையேறும். மதியம் கொதிக்கிற ஊர் இது. மின்விசிறியை நிறுத்தினால் காதுமெத்தை வியர்வையில் ஊறுகிறது. ஓடவிட்டால் வீணையின் கடைசி அதிர்வு விசிறிக்காற்றோடு போய்விடுகிறது. ஆகவே கனவான் ஏசி போட்ட அறை கட்டுகிறார், இரட்டைக் கண்ணாடி வைக்கிறார். மூடிய ரகம் ஒன்றை வாங்கினாலே காரியம் முடிந்திருக்கும். ஆனால் புத்தி சொல்வதற்கு இந்த வியாபாரத்தில் கொமிஷன் கிடையாது.

அறை கட்டியானதும் 'சுத்தமான மின்சாரம்' வேண்டுமாம். சுவரிலிருந்து அம்ப்ளிஃபயருக்கு, அதாவது 'அம்ப்'புக்குப் போகும் ஒன்றரை மீட்டர் வயருக்கு ஒரு தோட்டத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம். மின்சார சபையின் கம்பி தென்னோலை உரச, பலாக்கிளை உரச, மழையில் பொறி கக்கிக்கொண்டு மைல் கணக்கில் வந்து, கடைசி ஒன்றரை மீட்டரில் ஞானஸ்நானம் பெற்றுவிடுகிறதாம். நமக்கு மேலே வளவை கங்கையில் சமனலவெவ அணை இருக்கிறது, 120 மெகாவாட். கட்டி முடித்த 1992ஆம் ஆண்டிலேயே வலது கரை மலையைப் பிய்த்துக்கொண்டு நீர் கிளம்பியது. 1998இல் நீருக்குள் மண்ணைக் கொட்டி அடைக்கப் பார்த்தார்கள். ஒழுக்கு நிற்கவில்லை. மலை ஒழுகுவதால் கனவானுக்கு ஓர் இரவுகூடத் தூக்கம் கெட்டதில்லை; ஹெட்போனில் ஒலி ஒழுகுகிறதா என்று மட்டும் விடிய விடிய ஆராய்ச்சி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் நாடு இருட்டில் கிடந்தபோது, அந்த வயர் சுவரில் மாட்டியபடி பரிசுத்தமாகத் தூங்கியது.

அம்ப் விஷயத்தில் நடப்பது பகல் கொள்ளை. கொஞ்சம் கணக்குப் பார்த்தால் தெரியும். செனஹைசரின் எச்டி 600 என்ற ஹெட்போன் 1997இல் வந்தது. நல்ல சாமான். இன்றைக்கும் ஒலிப்பதிவுக்காரர்கள் நம்பி வைத்திருக்கிறார்கள். அதன் மின்தடை 300 ஓம். இந்த எண்ணைச் சொல்லும்போது கடைக்காரர் குரலைத் தாழ்த்துவார், பெரிய வியாதி கண்டுபிடித்த டொக்டரைப் போல. "300 ஓம் சேர். சும்மா அம்பில் இது உயிரே எடுக்காது." ஒரு வோல்ட் கொடுத்தால் அந்த ஹெட்போன் 100 டெசிபலை ஒட்டிக் கத்தும். ஒரு வோல்ட், 300 ஓம் என்றால் சக்தி 3 மில்லிவாட்டும் சொச்சமும். ஆப்பிள் கொம்பனி 9 டொலருக்கு விற்கும் வால் போன்ற சின்ன டாங்கிளின் அமெரிக்க ரகம் அந்த ஒரு வோல்ட்டைத் தந்துவிடுகிறது. மெதுவான இடமும் பேரோசையும் மாறி மாறி வரும் பெரிய இசைக்குழுப் பதிவுகளுக்கு இன்னும் ஒன்றிரண்டு வோல்ட் கையிருப்பு வேண்டும், சரி. ஹைஃபைமன் சுஸ்வாரா போல 6,000 டொலர் விலையில் வந்த, சக்தியைக் குடித்துக்கொண்டே இருக்கும் பிறவிகளும் உண்டு. அவற்றுக்குப் பெரிய அம்ப் நியாயம்தான். மற்றவர்களுக்கு விற்கப்படும் பல வாட் அம்ப், உதடு நனைக்கக் கேட்டவன் தலையில் உடவளவைக் குளத்தைத் திறந்துவிடுவது.

கடையில் நடக்கும் வித்தை பழையது. முதலில் மலிவு அம்பில் பாட்டைப் போடுவார்கள், அப்புறம் விலை கூடியதில், ஒரு மயிரிழை சத்தம் கூட்டி. ஒரு டெசிபல் வித்தியாசத்தைக் காது 'சத்தம் கூடிவிட்டது' என்று எடுத்துக்கொள்ளாது, 'தெளிவாகிவிட்டது' என்றே எடுத்துக்கொள்ளும். கனவான் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். இரண்டையும் வோல்ட்மீட்டர் வைத்துச் சமப்படுத்திவிட்டுக் கேட்கலாமே என்று சொல்லிப் பாருங்கள், கடைக்குள் ஏசி திடீரென்று குளிர்வதை உணர்வீர்கள். வால்வ் அம்பின் 'வெதுவெதுப்பு' இன்னொரு சரக்கு. அந்த ரக அம்புகள் சிலவற்றில் வெளியீட்டு மின்தடை அதிகம். அதனால் ஹெட்போனின் தடை ஏறும் தாழ்சுருதிப் பகுதி கொஞ்சம் வீங்கிக் கேட்கும். பொறியியலில் அதன் பெயர் குறை. விலைப்பட்டியலில் அதன் பெயர் ஆன்மா. அதுவும் பிடிக்கவில்லையா? "200 மணி நேரம் ஓடவிடுங்கள் சேர், பழகப் பழகத்தான் திறக்கும்." பழகுவது காது. அதற்குள் திருப்பிக் கொடுக்கும் தவணையும் முடிந்துவிடும்.

இதையெல்லாம் பொறாமையில் பேசுவதாகச் சொல்வார்கள். 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு வைத்துப் பார்த்தார். சுருதிச் சீருக்கும் விலைக்கும் ஒரு சம்பந்தமும் அகப்படவில்லை. அதற்குப் பத்து ஆண்டு முன்னால் மேயர், மோரன் என்ற இருவர், சீடியைவிட உயர்ந்தது என்று விற்கப்பட்ட ஒலியையும் அதையே சீடித் தரத்துக்கு இறக்கிய ஒலியையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களில் ஒலித்துறைக்காரர்களும் இருந்தார்கள். 554 தடவையில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். எம்பிலிப்பிட்டிய பஸ் நிலையத்தில் நின்று காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

சரி, இந்தக் கனவான் எதைத்தான் கேட்கிறார்? டி.எம்.எஸ்., சுசீலா. அறுபதுகளின் சினிமாப் பாட்டு, ஒற்றைத் தடத்தில் பதிந்தது, கீறல் விழுந்த ரெக்கோர்ட்டிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் யூடியூபில் ஏற்றியது. அதை 192 கிலோஹேர்ட்ஸ் பெட்டி வழியாக இழுத்து, வெள்ளிக் கம்பியில் ஓட்டி, சீன மூங்கில் ஸ்டாண்டில் வைத்த அம்புக்குள் இறக்கிக் கேட்கிறார். கீறல் ஒவ்வொன்றும் தனித்தனியாக, அதனதன் ஊர் பேரோடு கேட்கிறதாம். இதே பாட்டை எங்கள் தோட்டத்து ஆட்கள் இலங்கை வானொலியில், லயத்துக்கு ஒன்றாக இருந்த ரேடியோவில், கரகரப்புக்கும் அலை மங்கலுக்கும் நடுவே கேட்டார்கள். அந்த வானொலியின் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலைக் கடல் தாண்டிச் சிற்றலையில் பிடித்த தமிழ்நாட்டுக்காரன் ஒருவனும் 'மேடை விரியவில்லை' என்று கடிதம் எழுதியதில்லை.

உச்சத்தில் இருப்பதையும் பார்த்துவிடுவோம். 2015இல் செனஹைசர் எச்இ 1 என்று ஒன்றை அறிவித்தது. அப்போது சொன்ன விலை ஏறத்தாழ 50,000 யூரோ. அம்ப் இத்தாலியக் கராரா சலவைக்கல்லில் செதுக்கியது. பொத்தானை அழுத்தினால் எட்டு வால்வுகள் கல்லுக்குள்ளிருந்து மெல்ல எழுந்து வரும், சாமி வெளிவீதி வருவது போல. யூரோ 350 ரூபா என்று வைத்தால் 1 கோடியே 75 இலட்சம். தேயிலைத் தோட்டத்தில் 1,700 ரூபா நாட்சம்பளம் என்று 2024 மே மாதம் வந்த வர்த்தமானியைக் கொம்பனிகள் நீதிமன்றம் கொண்டுபோய் நிறுத்தின. செப்டெம்பரில் 1,350 அடிப்படை என்று திரும்ப வந்தது. அந்த 1,350இல் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி கூடை கட்டி, மாதம் 25 நாள் அரைநாள் கூலியான அரைப்பேர் விழாமல் முழுப்பேர் வாங்கி, சோறு தின்னாமல், பிள்ளை பெறாமல், காய்ச்சலில் படுக்காமல் சேர்த்தால், 61ஆவது வயதில் அந்தச் சலவைக்கல்லை வாங்கலாம். வற் வரி தனி. லயத்துப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அதை எங்கே வைப்பது என்பதுதான் யோசனை. அடுப்படிப் பக்கம் வைத்தால் புகை பிடிக்கும்.

கனவான்களின் காதுக்கு ஒரு விதி இருக்கிறது; அதை அவர்கள் நன்றாகவே அறிவார்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம், அவ்வளவுதான். அமெரிக்கத் தொழில் நலத்துறை ஆய்வு நிலையம் தொழிலாளிகளுக்கென்று போட்ட கணக்கு அது. கனவான்கள் அதைத் தங்கள் ஹெட்போனுக்கு எடுத்துக்கொண்டார்கள். தொழிலாளிக்குப் பஞ்சு மிஞ்சியது.

ரக்குவானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் பெரியப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர். ரோலர் அறை. கொழுந்து வாடி வந்து விழ விழ ரோலர் பித்தளைத் தட்டில் அரைத்துக்கொண்டே இருக்கும். மேலே காற்றாடி, பக்கத்தில் சல்லடை, பின்னால் அடுப்பின் ஊதி. பருவத்தில் இரவும் பகலும். அங்கே ஆட்கள் வாயால் பேச மாட்டார்கள், கையால் பேசுவார்கள். மெத்தையிலிருந்து பிய்த்த பஞ்சைக் காதில் திணித்துக்கொள்வார்கள். ஒரு தடவை தலைவர்மார் போய்த் துரையிடம் காதுமூடி கேட்டார்கள். 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஒபிஸ் அலுமாரியில் இருந்தது. துரை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. "இந்த வருஷ எஸ்டிமேட்டில் இடமில்லை" என்றார். நுரையில் செய்த காதடைப்பான் ஒரு சோடி, ஒரு பிளேன்டியின் விலை.

அந்தத் துரை ஓய்வு பெற்று எம்பிலிப்பிட்டியவில் வீடு கட்டினார். நான் இதுவரை சொன்ன கனவான் அவர்தான். பெரியப்பாவின் சேமலாப நிதிப் பத்திரத்தில் பெயர் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருந்ததால், பழைய துரை ஒரு கடிதம் தந்தால் உதவும் என்று யாரோ சொல்ல, பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கடிதம் உடனே எழுதிக் கொடுத்தார், அதில் குறை சொல்ல முடியாது. பிறகு எங்களை அந்த அறைக்குள் கூட்டிப்போனார். காட்டுவதற்கு ஆள் கிடைப்பது அபூர்வம் போலிருக்கிறது.

"சத்தம் எப்படியிருக்குனு இந்த ஆளைக் கேட்போம். இவனுக்கு ஹைஃபை பழக்கமில்லை, காது சுத்தமா இருக்கும்" என்று என்னிடம் சொன்னார். பெரியப்பா செருப்பை வாசலில் விட்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். துரை தன் கையாலேயே ஹெட்போனை அவர் தலையில் வைத்துப் பாட்டைப் போட்டார். பெரியப்பா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜால்ரா கேக்குதா?"

பெரியப்பாவுக்குக் கேள்வி போய்ச் சேரவில்லை. நான் கையால் காட்டினேன்.

"ஆளு பாடுறது லேசா வருதுங்கய்யா. ஜால்ரால்லாம் இல்லீங்க. உய்ய்ங்னு ஒரு சத்தந்தான் விடாம வருதுங்க."

துரையின் முகம் வாடியது. குனிந்து வயரைத் தொட்டுப் பார்த்தார், பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினார், அம்பின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இப்ப?"

"இருக்குங்கய்யா."

"ஹம்" என்றார் என்னைப் பார்த்து. "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. எர்த் கோளாறு. இந்த வயர் பத்தாது."

பெரியப்பா ஹெட்போனை இரண்டு கையாலும் கழற்றி மேசையில் பதனமாக வைத்தார். "அது இதுக்குள்ள இல்லீங்கய்யா, ஸ்டோர விட்டதுலருந்தே..." என்று தொடங்கினார். துரை அதற்குள் போனை எடுத்துக் கொழும்புக் கடைக்காரரிடம் இரண்டு மீட்டர் வயரின் விலை கேட்டுக்கொண்டிருந்தார்.