பழைய ரீவியின் ஏறுமுகம்: பெரியகல்லாற்று ஹோல்கள் பற்றிய ஓர் ஆய்வு

கிழக்குக் கரையில் ஆராய்ச்சிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் மறைந்துபோன யாழைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்து, 1947இல் யாழ் நூலாகத் தந்தார். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் வந்திருந்து, நமது குடிமுறையையும் சீதன முறையையும் துருவித் துருவி விசாரித்து 2008இல் தடித்த புத்தகமே போட்டார். இத்தனை பேரும் தொடாமல் விட்ட விடயம் ஒன்றுண்டு. பெரியகல்லாற்று வீடொன்றில் ஹோல் ரீவியை மாற்றுவதென்றால் எந்த அளவு, எந்த வகை, தீர்மானிப்பது யார்? அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. யாழ் நூலைவிட இதற்கு வாசகர் கூடுதலாகக் கிடைப்பர் என்ற நம்பிக்கையும் உண்டு. யாழ் எந்த வீட்டிலும் இல்லை. ரீவி எல்லா வீட்டிலும் இருக்கிறது.

களமும் முறையும்

கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஏ-4 வீதி. ஆய்வுக்களம் இவ்வளவுதான். இரண்டு தண்ணீருக்கும் இடையில் கிடக்கும் ஊராகையால் நிலம் நெய்தல் என்பதில் ஐயமில்லை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பது பழைய முடிபு. தவணைக்கு ரீவி எடுத்த வீடுகளில் அது இன்றும் பிழைக்காமல் பொருந்துகிறது.

ஆய்வு முறை: விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து, உள்ளே நடக்கும் வாக்குவாதத்தைக் கேட்டல். மாதிரி வீடுகள்: தேத்தண்ணி தந்தவை.

வரலாற்றை விரிக்கத் தேவையில்லை என்றாலும் ஆய்வென்றால் வரலாறு வேண்டும். ஜோன் லோகி பெயர்ட் 1926 ஜனவரியில் லண்டனில் ரீவியைக் காட்டினார். அவருடைய முதற் கருவிகளில் ஒரு தொப்பிப் பெட்டியும் ஒரு தேயிலைப் பெட்டியும் இருந்தன என்பார்கள். அந்தப் பெட்டியில் போனது எந்த நாட்டுத் தேயிலை என்று இனி யாரிடம் கேட்பது? எனவே இக்கண்டுபிடிப்பில் இலங்கையருக்குப் பங்கு கோர இடமிருக்கிறது. இலங்கையில் ஐ.ரி.என். 1979 ஏப்ரலிலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் தொடங்கின. பின்னது ஜப்பான் கட்டித் தந்தது.

ஆனால் ஊரில் ரீவி என்பது நெடுங்காலம் ஒரு வீட்டுக்குரிய பொருளாக இருக்கவில்லை. டெக்கும் ரீவியும் வாடகைக்கு வரும். முற்றத்தில் பாய் விரியும். விடியுமட்டும் மூன்று படம் ஓடும். கறன்ட் இல்லாத காலத்தில் கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் கார் பற்றரியில் கொளுவினார்கள். பற்றரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கத்தாலும் உள்ளே ஒடுங்கும். வில்லனை அடிக்கத் தொடங்கும்போது திரையை நிறைத்து நின்ற கதாநாயகன், அடித்து முடிக்கும்போது முத்திரை அளவுக்கு வந்துவிடுவார். பார்த்தவர்கள் அதைக் குறையாகச் சொன்னதில்லை; பற்றரிக்காரனைத்தான் ஏசினார்கள். திரையின் அளவுக்கும் பார்ப்பவரின் திருப்திக்கும் தொடர்பில்லை என்ற கருதுகோள் ஆய்வாளருக்கு இங்குதான் முதலில் தோன்றியது.

1996 மார்ச் 17இல் லாகூரில் அரவிந்த டி சில்வா சதம் அடித்து உலகக் கிண்ணத்தை வென்று தந்தபோதும், 1998இல் சக்தி ரீவி வந்தபோதும், 2009இல் வசந்தம் ரீவி வந்தபோதும் பெட்டி பெரும்பாலும் 21 அங்குலமே. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவற்றின் கணக்கு இந்தக் கட்டுரைக்குரியதல்ல.

அளவையியல்

காணியை நீள அகலத்தில் அளக்கிறோம். கதவும் அப்படித்தான், சேலையும் அப்படித்தான். ரீவியை மட்டும் மூலைக்கு மூலை அளந்து விற்கிறார்கள். மூலைவிட்டம் எப்போதும் அகலத்தைவிடப் பெரிய எண் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இன்றைக்கு இல்லை. 55 அங்குல ரீவி சுவரில் பிடிக்கும் இடம் 48 அங்குல அகலமும் 27 அங்குல உயரமும். கல்முனைக் கடையில் நிற்கும் பெடியனுக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை. அவனிடம் சொற்கள் இருக்கின்றன: எல்ஈடி, கியூஎல்ஈடி, ஓஎல்ஈடி, 4கே.

அச்சொற்களை இழிவாகப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எல்ஈடித் திரையில் உள்ள திரவப் பளிங்கை 1888இல் முதலில் கண்டவர் பிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர். அவர் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது கரட்டில் இருந்து எடுத்த கொழுப்பை. திரைக்குப் பின்னால் எரியும் வெள்ளை ஒளிக்கு வழிசெய்த நீல எல்ஈடிக்கு 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு. கியூஎல்ஈடியில் உள்ள குவாண்டம் புள்ளிகளுக்கு 2023இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு. ஒரு கரட்டும் இரண்டு நோபல் பரிசும் சேர்ந்துதான் பெரியகல்லாற்று ஹோலில் மாமியார் மருமகள் சண்டையைக் காட்டுகின்றன.

கடையில் எல்லாத் திரையிலும் ஒரே படம்தான் ஓடும்: தேன் வடிகிறது, கிளி சிறகு விரிக்கிறது, தோடம்பழம் உரிபடுகிறது. எவர் வீட்டு ரீவியிலும் ஒருநாளும் வராத காட்சிகள் இவை. கடையின் வெளிச்சத்தில் எடுபடவேண்டும் என்பதற்காக நிறத்தையும் ஒளியையும் உச்சத்தில் ஏற்றி வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் ‘கடையில் பார்த்தது இது இல்லை’ என்ற சந்தேகம் எழுவது இதனால்தான். ஓஎல்ஈடியின் சிறப்பை விளக்கிக்கொண்டிருந்த பெடியன், “இதுல கறுப்பு என்ன கறுப்பு எண்டு பாருங்க மாமி” என்றான். மாமி கிட்டப் போய்ப் பார்த்தார். “கறுப்பப் பாக்கவா மனே இவ்வளவு காசு?” என்றார். அதன்பின் அந்த வகை பற்றி அந்தக் குடும்பத்தில் பேச்சே எழவில்லை.

இனி 4கே. முழு எச்டி திரையில் குறுக்காக 1920 புள்ளி, 4கேயில் 3840. மொத்தம் எண்பத்து மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நல்ல கண் ஒரு கலை அளவு கோணத்தைத்தான் பிரித்தறியும். பஞ்சாங்கத்தில் பாகை, கலை, விகலை என்று வருமே, அந்தக் கலைதான்; பாகையில் அறுபதில் ஒன்று. கணக்கைப் போட்டால், 55 அங்குலத் திரைக்கு முன்னால் ஏழடிக்கு அப்பால் இருப்பவருக்கு முழு எச்டியும் 4கேயும் ஒன்றே. 4கே தரும் மேலதிகப் புள்ளிகளை முழுதாகக் கண்ணில் வாங்க வேண்டுமானால் மூன்றரை அடிக்குள் வரவேண்டும். அவ்வளவு கிட்டப் போய் இருப்பவர்கள் இந்த ஊரில் ஒரே வகுப்பினர்தான்: நாலு வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்கள் பார்ப்பது கார்ட்டூன். கார்ட்டூனில் மயிர்க்கால் தெரியவேண்டியதில்லை.

இதனினும் பெரிய சிக்கல் மறுதலையில் இருக்கிறது. இலங்கை 2014இல் ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்தது. மாற்றம் இழுபட்டுக்கொண்டே போகிறது. கூரையில் நிற்கும் அன்ரெனா பிடிப்பது பழைய அனலொக் அலை. அதில் படத்துக்கு உள்ளவை 576 வரிகள். 2160 வரித் திரையில் இதை ஊற்றினால் ஒவ்வொரு வரியும் ஏறக்குறைய நாலு மடங்கு பருக்கிறது. 55 அங்குலத் திரையில் இந்தப் பருமன் கண்ணுக்குத் தெரியாமல் போகவேண்டுமானால் பதின்மூன்று அடிக்கு மேல் விலகியிருக்க வேண்டும். ஹோலோ பத்துக்குப் பன்னிரண்டு. ஆகவே ரூபவாஹினிச் செய்தியைத் தெளிவாகப் பார்க்க ஏற்ற இடம் ஹோலில் இல்லை, விறாந்தையில்தான் இருக்கிறது. இன்னும் துலக்கமாக வேண்டுமென்றால் கடப்படியில்.

அற்றேல், தெரிந்தும் 55 எடுப்பது என்னை எனின், அது கடப்படியில் நிற்பவருக்காக என்க. இந்த முடிபு ஆய்வாளருக்கே வியப்பாக இருந்தது. ரீவியை வாங்கிய வீட்டார் உள்ளே மங்கலாகப் பார்க்க, வீதியால் போகும் அயலார் வெளியே துல்லியமாகப் பார்க்கிறார்கள். யன்னல் சீலை மாலையில் ஏன் விலக்கி விடப்படுகிறது என்ற பழைய கேள்விக்கும் இதுவே விடை.

உடைமை

மட்டக்களப்புப் பக்கத்து வழக்கம் தெரிந்ததே. குடி தாய்வழி. வீடு மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளை வந்து சேர்கிறார். தாய் தகப்பன் மிச்சப் பிள்ளைகளோடு பின்வளவில் இன்னொரு வீடு கட்டிக்கொண்டு விலகுகிறார்கள். எனவே ஹோல் மனைவியுடையது. சுவரும் மனைவியுடையது. அதில் கொளுவி அடிக்கத் துளை போடுவதென்றால் உத்தரவு வேண்டும், அந்த உத்தரவு பின்வளவில் இருந்து வரவேண்டும். மாப்பிள்ளை தன் விருப்பப்படி தெரிவு செய்யக்கூடிய ஒரே பொருள் ரீவி என்று வெளியில் சொல்லிக்கொள்வார்கள். றிமோட் யார் மடியில் இருக்கிறது என்று பார்த்த பின் இதை நம்புவது கடினம்.

மூன்றாவது ஒரு தரப்பும் உண்டு: கட்டாரில் இருப்பவர். காசு அவருடையது. லீவில் வரும்போது கட்டுநாயக்காவின் தீர்வையற்ற கடையில் தானே எடுத்து வந்தாலும் சரி, அங்கிருந்து காசை அனுப்பினாலும் சரி, அவர் சொல்வது ஒன்றே: “பெரிசா எடுங்க.” ஆனால் அந்த ரீவியை அவர் பார்ப்பது கைபேசித் திரையில். வீடியோ அழைப்பில் போனைத் திருப்பி, சுவரில் இருக்கும் ரீவியைக் காட்டுவார்கள். பெட்டியோடு வந்த பாதுகாப்புப் பொலித்தீனை விளிம்பில் இருந்து யாரும் உரித்திருக்க மாட்டார்கள். ஒரு மூலையில் மட்டும் கிளம்பி, அதற்கடியில் கோடாகத் தூசி படிந்திருக்கும். கீழே சோகேசில் கிறோசே விரிப்பு, அதன்மேல் பொலித்தீன் பைக்குள் றிமோட். அவர் அங்கே “நல்லா இருக்கு” என்பார். செலவு செய்தவரின் பங்கு அத்துடன் முடிகிறது.

ஆய்வின் பிரதான கண்டுபிடிப்பு இனித்தான் வருகிறது. இந்தச் சமூகத்தில் சொத்து இறங்குமுகம்: தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு. பழைய ரீவி ஏறுமுகம்: மகள் வீட்டிலிருந்து தாய்க்கு, தாயிடமிருந்து பெத்தாவுக்கு. வீடு எந்த வழியால் இறங்கியதோ அதே வழியால் ரீவி திரும்பி ஏறுகிறது. பெத்தாவுக்கு மேலே யாரும் இல்லை. அங்கிருந்து அது பழைய இரும்புக்காரரிடம் போகும், அல்லது உள்ளே குடைந்து கோழி அடைகாக்க வைக்கப்படும். மான்மியத்திலும் சரி, மக்கில்வ்ரேயிலும் சரி, இந்த எதிரோட்டத்தை ஆய்வாளர் கண்டதில்லை.

பழைய ரீவி வேண்டுமா என்று பெத்தாவிடம் நேரே கேட்கக்கூடாது. கேட்டால், “எனக்கு என்னத்துக்கு மனே? இருக்கிறது காணும்” என்பார். இது மறுப்பு அல்ல. பொழுதுபட, யாரையும் பாராமல், “மறுகா, அந்த வயர் என்ட கட்டிலடி மட்டும் எட்டுமா?” என்று ஒரு கேள்வி வரும். அதுதான் சம்மதம். அந்தக் கேள்வி எழுந்த பின்னரே வீடு புது ரீவி வாங்கும் கட்டத்துக்கு வருகிறது. பழையது பழுதானால்தான் புதிது வரும் என்பது பிழையான எண்ணம். பழையது நன்றாக ஓடினால்தான் அதைப் பெத்தாவுக்குக் கொடுக்கலாம்; கொடுத்தால்தான் புதிது வாங்கக் காரணம் கிடைக்கும். பழுதானதைப் பெத்தாவுக்குக் கொடுத்தான் என்ற பேரை எந்த மருமகன் எடுப்பான்?

பெத்தாவின் தீர்ப்பு எப்போதும் பழையதன் பக்கமே. அதில் அறிவியலும் உண்டு. பழைய பெட்டி தடிப்பு. முன்பக்கம் பார்த்து நல்ல ஸ்பீக்கர் வைக்க இடம் இருந்தது. புதியது தட்டை, ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ பேசுகிறது. “இதுல ஆக்களத் தெரியுது, கதை விளங்குதில்ல கா” என்று அவர் சொன்னது முழு உண்மை.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் கறன்ட் வெட்டியபோது 21உம் 55உம் ஒரே படத்தைக் காட்டின. கறுப்பும் நல்ல கறுப்பு. அந்தக் காலத்தை ஆய்வில் சேர்க்கவில்லை.

எங்கள் தீர்ப்பு 43 அங்குலம். அனலொக் வரிகள் அதில் பத்தரை அடியில் மறையும்; பன்னிரண்டடி ஹோலில் பின்சுவரோடு கதிரையைப் போட்டால் கணக்குச் சரி. 55க்கும் 43க்கும் உள்ள வித்தியாசக் காசில் ஒரு சின்ன ஸ்பீக்கரும், மின்னழுத்தம் ஏறி இறங்குவதைத் தாங்கும் ஒரு பாதுகாப்புப் பிளக்கும் எடுக்கலாம். கட்டாருக்குச் சொல்லும்போது போனைச் சற்றுக் கிட்டப் பிடித்துக் காட்டினால் போதும்.

எந்த அளவை எடுத்தாலும் ஐப்பசியில் இடி தொடங்கும்போது பிளக்கை மட்டுமல்ல, அன்ரெனா வயரையும் சேர்த்துக் கழற்றி விடுங்கள். மின்னல் வயராலும் இறங்கும்; மின்னலில் போன ரீவிக்கு வொறன்டி செல்லாது.