சந்தோஷ உண்டியல்

போன வாரமும் புரோட்டா ஆறித்தான் கிடைத்தது. சால்னா மேல் எண்ணெய் ஆடை கட்டியிருந்தது. ஏழு மணிக் கூட்டத்தை எட்டேகாலுக்குத் தொடங்கிப் பத்தே முக்காலுக்கு நாட்டுப்பண் பாடினால் புரோட்டா என்ன செய்யும், பாவம்.

எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள். ரோட்டரியோ லயன்ஸோ இன்னொன்றோ, மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடிக்கிற எதுவானாலும் கதை இதுதான். நான் எழுத உட்கார்ந்தது என்னவோ கண்மாய் விஷயம். அதற்கு வருகிறேன். அதற்குமுன் 'உறுப்பினர் செய்திகள்' என்ற பகுதியைத் தாண்டியாக வேண்டும். கூட்டத்திலேயே அதைத் தாண்ட முடியவில்லை என்பது வேறு.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் முதல் ரோட்டரிக் கூட்டத்தைக் கூட்டியபோது அவரையும் சேர்த்து நாலே பேர். மற்ற மூவரில் ஒருவர் சுரங்க எஞ்சினியர், ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் தையல்காரர். எங்கள் ஊர் அபிராமத்தில் டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் பார்த்தால் ஏறக்குறைய இதே கூட்டணிதான் இருக்கும். நிலக்கரிக்குப் பதில் சீமைக்கருவேலங்கரி, அவ்வளவே. நாலு பேருக்கு நாலு செய்தி, பேசிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாங்கள் நாற்பது பேர்.

செய்தி சொல்பவர் எழுந்து நின்று சொல்லிவிட்டு, சந்தோஷ உண்டியலில் நூறு ரூபாய் போட வேண்டும். இதில் செய்தி என்று எதுவும் கிடையாது என்பதுதான் முதல் எரிச்சல். பார்த்திபனூர் பக்கமிருந்து பெண் பார்க்க வருகிற கார் ஊருக்குள் திரும்பும் முன்பே, மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று டீக்கடைக்குத் தெரிந்துவிடும். அதே விஷயம் பத்து நாள் கழித்து மைக்கில் வரும். நாங்களும் ஆச்சரியப்பட்டுக் கைதட்டுவோம்.

பிறந்தநாள், கல்யாண நாள் சரி. பேரன் பிறந்தால் ஐநூறு. இரண்டாவது பேரனுக்கு இருநூறு. மூன்றாவது பேரனுக்கு உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினால் போதும். மகன் கோலாலம்பூரில் கார் வாங்கியது ஒரு செய்தி. அடுத்த வாரம் இன்னொருவர் மகன் துபாயில் அதைவிடப் பெரிய கார் வாங்கியே தீருவான். 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் கமிஷன் கடைக்காரர், பத்ம விருது தனக்கே வந்ததுபோல எழுந்து கும்பிட்டார். அவர் வாழ்நாளில் ஒரு மிளகாய்ச் செடி நட்டதில்லை.

போன வாரம் நடந்ததுதான் உச்சம். உரக்கடை அண்ணாச்சி எழுந்து, "வெறும் வயித்துல சுகர் இருநூத்தி எம்பதுலேருந்து நூத்தி அறுபதுக்கு வந்துருச்சு" என்றார். நூறு ரூபாய், கைதட்டல். உடனே பாத்திரக்கடை பாய், "எனக்கு நூத்தி நாப்பது" என்றார். இருநூறு ரூபாய். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் விடுவாரா? மூன்று மாதச் சராசரியைத்தான் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்து, சட்டைப்பையிலிருந்து பரமக்குடி லேப் ரிப்போர்ட்டை எடுத்துத் தசமப் புள்ளியோடு வாசித்தார். மாத்திரை பெயர்கள் வந்தன. ஆவாரம்பூ வந்தது. கருஞ்சீரகம் வந்தது. பாகற்காய்ச் சாற்றைக் காலையில் குடிப்பதா சாயங்காலமா என்று இரண்டு கட்சி பிரிந்தது. "ஹெட்மாஸ்டர் சார், நீங்க நடக்கறீங்களா?" என்று ஒருவர் கேட்க, அவர் எந்தத் தெரு வழியாக நடக்கிறார், எங்கே நாய் துரத்துகிறது என்பது வரை போனது. ஓர் இளைஞர் எழுந்து தனக்குச் சுகரே இல்லை என்று நூறு ரூபாய் நீட்டினார். ஒருவரும் கைதட்டவில்லை. "வயசு இருக்குல்ல தம்பி" என்று மட்டும் அண்ணாச்சி சொன்னார். நாற்பது நிமிடம் போயிருந்தது. அன்றைக்கு இனிப்பு ஜாங்கிரி. மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு எடுத்தார்கள், நான் பார்த்தேன். எனக்கு வந்த தட்டில் ஒன்றுகூட இல்லை.

இந்த எரிச்சலில் ஒருமுறை வாய்விட்டேன். ரோட்டரியிலேயே வாரக் கூட்டம் கட்டாயமில்லை, மாதம் இரண்டு போதும் என்று 2016-இல் விதியைத் தளர்த்திவிட்டார்கள், நாமும் செய்யலாமே என்றேன். அருமையான யோசனை என்றார்கள். அதை விவாதிக்க ஒரு சிறப்புக் கூட்டம் போட்டார்கள்.

சிரித்துக்கொண்டே சொன்னாலும் எனக்கு உள்ளூரக் கோபம்தான். 1985-இல் போலியோவை ஒழிப்போம் என்று கிளம்பிய ரோட்டரிக்காரர்களும் இப்படி வாராவாரம் மணியடித்துக் கூடியவர்கள்தான். இந்தியாவில் காட்டு வைரஸால் ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தது கடைசியாக 2011 ஜனவரியில், ஹவுராவில். அவர்கள் கூட்டத்தில் நன்றியுரை எத்தனை நிமிடம் என்று யாராவது கேட்டுச் சொன்னால் நல்லது.

இன்னொன்று. எங்கள் உண்டியலில் துக்கத்துக்கு ஓட்டை கிடையாது. வியாபாரம் படுத்து, கடையை மூடிவிட்டு ஒருவர் இரண்டு மாதமாக வரவில்லை. டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் அவரைப் பற்றி வந்தது ஒரே வரி: வருகைச் சதவீதம் குறைகிறது, உறுப்பினர்கள் ஒத்துழைக்கவும். அதற்கு அடுத்த செய்தி, செயலாளர் வீட்டுக்குப் புது ஏ.சி. எனக்குக் கைதட்டக் கை வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்த பிறகு தட்டினேன்.

கண்மாய் விஷயத்துக்கு வருகிறேன் என்றேன் அல்லவா? மழைக்கு முன்னால் மடையைச் சுற்றியுள்ள சீமைக்கருவேலத்தையாவது வெட்டிவிடலாம் என்று போன ஆடியிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிகழ்ச்சி நிரலில் அது பத்தாவது இனம், 'இதர'. ஒன்பதாவது இனம் இரவு உணவு.