காலடியில் ஒரு புள்ளி

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு எண்களிலும் வடிவங்களிலும் உள்ள ஒழுங்கை நானே சொல்லிக்கொடுப்பது என்று மார்கழி விடுமுறையில் முடிவெடுத்தேன். வீட்டில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் பாடம் குளியலறையில். "தரையில எத்தனை சதுரம், எண்ணு பார்ப்போம்" என்றேன். எண்ணிவிட்டு, "இருபத்தஞ்சுப்பா. அதுல மூணு உடைஞ்சிருக்கு. மாத்தச் சொல்லி அம்மா ஆறு மாசமா சொல்றாங்க" என்றாள். வடிவியல் குடும்ப வழக்காக மாறும் அபாயம் தெரிந்ததால் பாடத்தை வாசலுக்கு மாற்றினேன்.

வாசலில் என் அம்மா புள்ளி வைத்து முடித்திருந்தாள். 15-லிருந்து 8 வரை, ஊடுபுள்ளி. நடுவரிசையில் 15, மேலேயும் கீழேயும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8-ல் நிற்கும். அசல் அறுகோணம்.

"மொத்தம் எத்தனை புள்ளி?" என்று கேட்டுவிட்டு, விடை தெரியாததால் நானும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். மகள் எண்ணவில்லை. நடுப்புள்ளியைக் காட்டி, "இது 1. சுத்தி 6. அதைச் சுத்தி 12. அப்புறம் 18. ஆறாம் வாய்ப்பாடுப்பா!" என்றாள். 42 வரை போய், எல்லாவற்றையும் கூட்டி, 169 என்றாள்.

எனக்கு 168. மறுபடி எண்ணினேன், மறுபடியும் 168. "பரவாயில்லம்மா, சின்னப் பிள்ளைக்கு ஒண்ணு கூடக்குறைய வரும்" என்று அவளைத் தேற்றினேன்.

"காலை எடுடா" என்றாள் அம்மா.

169-வது புள்ளி என் காலடியில் இருந்தது.

மானத்தை மீட்க, "169-னா பதின்மூணு பதின்மூணு. இதே புள்ளிகளைச் சதுரமாவும் அடுக்கலாம்" என்றேன்.

"நேர்ப்புள்ளி 13-க்கு 13. அது நேத்து போட்டது" என்றாள் அம்மா, குனிந்தபடியே.

அன்று இரவு ரகசியமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7-லிருந்து 4 வரை என்றால் 37 புள்ளி, சதுரத்தில் அடங்காது. 15-க்கு அடுத்து இந்தப் பொருத்தம் வாய்ப்பது, நடுவரிசையில் 209 புள்ளி உள்ள கோலத்துக்குத்தான். மொத்தம் 32,761 புள்ளி. 181-க்கு 181 சதுரம். காலையில் பெருமையாகச் சொன்னேன்.

"போடலாம். வாசல் தெளிக்க நீ வர்றியா?" என்றாள் அம்மா.

வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: எங்கே நிற்கிறோம் என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.