கைப்பாவையின் தலையும் அதன் ஆயுளும்: சுபாங் ஜெயாவை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

மனிதரின் காது, மூக்கு, தொண்டைக்கென்று தனி மருத்துவர் இருக்கிறார். கைப்பாவையின் காது விழுந்தால் கேட்க நாதியில்லை. தமிழ்ப்பள்ளிக் கதைசொல்லும் போட்டிக்கென்று செய்யப்படும் காகித நரி முதல் சுற்றில் ஊளையிடுகிறது. இரண்டாம் சுற்றில் மூக்கை இழக்கிறது. பரிசளிப்புக்குள் தலை வேறு உடல் வேறாக ஆசிரியரின் பைக்குள் அடங்கிவிடுகிறது. நரி ஏமாந்த கதைகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் சமூகம், நரியின் கழுத்து ஏன் முறிகிறது என்று கேட்டதாகத் தெரியவில்லை. அக்கேள்வியே இக்கட்டுரை.

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுப்போம். சுட்டுவிரல் கழுத்துக்குள் நுழைய, கட்டைவிரலும் நடுவிரலும் கைகளாக, மணிக்கட்டே இடுப்பாக நிற்கும் பாவை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. கும்பகோணம், மயிலாடுதுறை வட்டார மரப்பாவைகள் நூலிலும் கம்பியிலும் ஆடுபவை; சில 10 கிலோ வரை இருக்கும். அந்தப் பாரத்தில் ஒரு பங்கை ஆட்டுபவர் தம் தலையில் மாட்டிய வளையம் தாங்கிக்கொள்கிறது. கைப்பாவைக்கோ ஒரேயொரு விரல்தான் தூண். ஆகவே தலைக்கனம் இங்கே கிராமில் அளக்கப்படும்.

2. முன்னோர் கண்டவை

1662 மே 9 அன்று லண்டன் கோவன்ட் கார்டனில் ஓர் இத்தாலியப் பாவைக்கூத்தைப் பார்த்ததாக சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பில் எழுதினார். அந்நாளையே 'பஞ்ச்' என்னும் பாவையின் பிறந்தநாளாக ஆங்கிலேயர் கொண்டாடுகிறார்கள். அப்போது அது நூலில் ஆடியது. பின்னாளில்தான் கையில் ஏறியது. கையில் ஏறியதும் அதன் கைக்குத் தடியும் வந்தது. மனைவி, காவலர், முதலை என்று எதிர்ப்பட்ட எல்லாரையும் பஞ்ச் அடித்து நொறுக்க, உடையாத தலை கலையின் அடிப்படைத் தேவை ஆயிற்று. மரத்தில் செதுக்கிக்கொண்டார்கள். பாவைத்தலை மீது நடத்தப்பட்ட மிக நீண்ட தாக்கச் சோதனை இதுவாகவே இருக்கும்.

பிரான்சின் லியோன் நகரில் 1808 வாக்கில் 'கின்யோல்' பாவையைப் படைத்தவர் லோரான் மூர்கே. பட்டு நெசவாளராக இருந்தவர், பிறகு பல் பிடுங்கும் தொழிலுக்கு மாறி, கூட்டம் சேர்க்கப் பாவை ஆட்டினார். எது எளிதில் கழன்று வரும், எது வராது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் இத்துறையில் இல்லை. அவர் தேர்ந்ததும் மரம்தான்.

ஓவியர் பால் கிளே 1916க்கும் 1925க்கும் இடையில் மகன் ஃபீலிக்சுக்காக ஏறத்தாழ 50 கைப்பாவைகள் செய்தார். பிளாஸ்டர், மாட்டெலும்பு, தீப்பெட்டி, மின்சார பிளக் பொருத்தும் பெட்டி என்று கையில் அகப்பட்டதெல்லாம் தலையாயிற்று. இன்று எஞ்சியிருப்பவை 30. அதாவது 60 விழுக்காடு. பள்ளிப் போட்டி நரிகளோடு ஒப்பிட்டால் இது சாதனை.

நமக்கு அருகில் வருவோம். கேரளத்துப் பாலக்காடு வட்டாரத்தின் பாவைக்கதகளியில் தலையும் கைகளும் மரம்; நடுவில் துணி. ஆண்டிப்பண்டாரக் குடும்பங்கள் ஆடி வந்து, மங்கிப்போன இக்கலைக்கு 1980களில் இரிஞ்ஞாலக்குடையின் நடனகைரளி கலைமையத்தில் ஜி. வேணு மறுவாழ்வு தந்தார். பினாங்கில் இன்றும் ஆடப்படும் போத்தேஹி, சீனத்து ஃபூஜியானிலிருந்து வந்த கைப்பாவைக் கூத்து. கற்பூரமரத்தில் தலை செதுக்கி, மெல்லிய மண்பூச்சைப் பலமுறை பூசித் தேய்த்து, அதன் மேல்தான் வண்ணம் ஏற்றுவார்கள். சுவான்சோ நகரத்துச் சிற்பி ஜியாங் ஜியாசோவ் (1871-1954) 280க்கும் மேற்பட்ட முகவகைகளைப் படைத்தவர். பூச்சி அண்டாத வாசனை கற்பூரமரத்துக்கு இயல்பிலேயே உண்டு. இந்தக் கடைசிச் செய்தி அடுத்த பகுதிக்கு மிக முக்கியம்.

3. ஆய்வுக்களம்

மலேசியாவின் சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்ட் ரப்பர்த் தோட்டம். 1970களில் வீடமைப்புப் பகுதியாகி, 2020 அக்டோபர் 20 அன்று மாநகரத் தகுதி பெற்றது. இடிமின்னலுக்குப் பேர்போன ஊர். காலையில் வெயில், மாலையில் மழை, இரண்டுக்கும் நடுவில் புழுக்கம். இங்கே காகிதத் தலைக்கு எதிரிகள் மூன்று: பூஞ்சை, கரப்பான், எறும்பு. மாவுப்பசையில் செய்த தலை இம்மூன்றுக்கும் விருந்து. அலமாரியில் சிங்கராஜாவாகப் படுத்தவர் காலையில் ஒற்றைக் கன்னத்தோடு எழுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

4. பொருள்கள்

காகிதம்: நாளிதழைக் கத்தரிக்கக் கூடாது, கிழிக்க வேண்டும். கிழித்த விளிம்பில் நார் பிரிந்து நிற்பதால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கத்தரித்த விளிம்பு தனித்து நின்று பின்னர் உரியும். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு ஒட்டினோம் என்ற குழப்பம் உலகெங்கும் உண்டு. அடுக்குக்கு ஒரு வகைத் தாள் என்று மாற்றுவதே தீர்வு. மலேசியாவில் இது தானாகவே அமைகிறது. முதல் அடுக்கு தமிழ் நாளிதழ் மலேசிய நண்பன், இரண்டாவது சீன நாளிதழ் சின் சியூ, மூன்றாவது மலாய் நாளிதழ் பெரித்தா ஹரியான் என்று ஒட்டினால், விட்டுப்போன இடம் மொழி மாறித் தெரியும். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது தமிழிதழியலுக்கு மட்டுமல்லாமல் இந்தத் துறைக்கும் இழப்பு. நாளொன்றுக்கு இரண்டு அடுக்குக்கு மேல் கூடாது. அவசரப்பட்டால் வெளித்தோல் காய்ந்து, உள்ளே ஈரம் சிறைப்பட்டு, பூஞ்சை குடியேறும். மின்விசிறிக் காற்று போதும்.

பசை: மாவுப்பசைதான் வேண்டுமென்போர், புத்தகம் கட்டுவோரின் பழைய வழக்கப்படி மயில்துத்தம் சிறிது சேர்க்கலாம். ஆனால் அது நஞ்சு; பிள்ளைகள் கைபடும் பாவைக்கு ஆகாது. மர வேலைக்கு விற்கும் வெள்ளைப் பசையில் நீர் கலந்து பூசுவது மேல். கரப்பானுக்கு அதில் ஆர்வம் குறைவு. மூக்கு, காது, கொம்பு போன்ற துருத்தல்களுக்கு ஆந்திரத்துக் கொண்டப்பள்ளி பொம்மைக்காரர்களிடம் பாடம் கேட்கலாம். தனித்தனியே செதுக்கிய உறுப்புகளை அவர்கள் புளியங்கொட்டை மாவும் மரத்தூளும் குழைத்த கலவையால் இணைக்கிறார்கள். வெள்ளைப் பசையும் மரத்தூளும் சேர்த்தால் நம் ஊருக்கு ஏற்ற மூக்கு கிடைக்கும்.

ரப்பர்: பால்மரக் காட்டின் மேல் எழுந்த ஊரில் ரப்பரை விலக்கி ஆராய்வது நன்றிகெட்ட செயல். உலகுக்கு ரப்பர்க் கையுறை வழங்குவதில் முன்னணி நாடு மலேசியா. தலை முளைத்த கையுறைதான் கைப்பாவை. அம்மோனியா கலந்து பதப்படுத்திய ரப்பர்ப் பாலைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரில் தோல் படியும். மிச்சப் பாலைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெற்றிடமுள்ள தலை. கீழே போட்டாலும் உடையாது. ஆனால் வெயிலும் ஓசோனும் எண்ணெய்க் கையும் ரப்பரைக் கெடுக்கும். சில ஆண்டுகளில் வெடிக்கும் அல்லது பிசுபிசுக்கும். 1984இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்பிட்டிங் இமேஜ்' அரசியல் பாவைகள் ரப்பர் நுரையால் ஆனவை. அரசியல்வாதியின் முகம் காலத்தில் உதிர்வதை ரப்பர் மறைக்காமல் காட்டியது.

மரம்: கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவில் மா மெரி பழங்குடி மக்கள் முகமூடி செதுக்கும் புலாய் மரம், நம் ஏழிலைப்பாலையின் இனம், இலேசானது. ஜெலுத்தோங் மரமும் உளிக்கு இணங்கும். நேரமும் உளிப்பழக்கமும் உள்ளவர்களுக்கு மரத்தை மிஞ்சியது இல்லை. மற்றவர்களுக்குக் காகிதம்.

5. கண்டறிந்தது: கழுத்து

உடைந்த தலைகளைப் பார்த்தால் ஒன்று விளங்கும். செய்தவர் முகத்துக்கு ஒரு வாரமும் கழுத்துக்கு ஐந்து நிமிடமும் செலவிட்டிருப்பார். பாவை தலையசைக்கும் ஒவ்வொரு முறையும் விசை முழுவதும் விழுவது கழுத்தில். முகம் வெறும் பயணி.

கழுத்து மூன்று வழிகளில் தோற்கிறது. முதலாவது, அட்டைக்குழாயைத் தலையின் அடியில் ஒட்டி நிறுத்துவது. குழாயின் மேல்முனையைக் கீறி, இதழ்களாக விரித்து, தலைக்குள் பாதித் தூரமாவது நுழைத்து அடுக்குகளோடு சேர்த்து ஒட்ட வேண்டும். இரண்டாவது, அளவு. விரலின் இரண்டாம் கணுவரை குழாய் இறுக்கமாக உட்கார வேண்டும். அப்பாவின் விரலுக்குச் செய்த கழுத்து மகளின் விரலில் சுழலும். சுழலும் தலை விரைவில் கழலும். மூன்றாவது, வியர்வை. மழை வெளியிலிருந்து வரும் என்று எல்லாரும் முகத்துக்கு வார்னிஷ் பூசுகிறார்கள். சுபாங் ஜெயாவில் ஈரம் விரலிலிருந்தும் வருகிறது. குழாயின் உட்புறத்துக்கும் வார்னிஷ் வேண்டும், அதன் மேல் மெல்லிய துணிப்பட்டையும் வேண்டும். கழுத்தின் அடியில் கயிறு சுற்றி ஒரு விளிம்பு எழுப்பினால், சட்டையைக் கட்டும் நூல் வழுக்கி இறங்காது.

6. முடிபும் பரிந்துரையும்

தலை செய்ய உட்காருபவர் முதலில் கழுத்தைச் செய்க. ஆடப்போகும் பிள்ளையின் விரலை அளந்தே தொடங்குக. உள்ளே வெற்றிடம் விடுக. அடுக்குக்கு அடுக்கு காய விடுக. முகத்தைக் கடைசியில் தீட்டுக. அது சுமாராக இருந்தாலும் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இவ்வாய்வு பயன்படும். முதல்நாள் இரவு பதினொரு மணிக்குத் தொடங்குவோர் பழைய காலுறை ஒன்றில் இரண்டு பொத்தான்களைத் தைத்துக்கொள்க. அதற்குக் கழுத்தே கிடையாது.